ரத்தத்தில் பூஞ்சையைத் தேடும்போது: எந்தச் சோதனை, எவ்வளவு ரத்தம், ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

ஐசியூவில் ஒரு வாரமாகக் காய்ச்சல் இறங்கவில்லை. ஆன்டிபயாட்டிக்கை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. அடுத்ததாகக் கேஸ் ஷீட்டில் "ஃபங்கல் வொர்க்-அப்" என்று எழுதப்படும். அந்தப் பெயரில் லேபில் ஒரு சோதனையும் கிடையாது. ஒவ்வொரு சோதனையும் பூஞ்சையின் ஏதோ ஒரு துண்டைத்தான் பிடிக்கும்: செல்சுவரின் ஒரு சர்க்கரை, மேலுறையின் ஒரு பகுதி, கொஞ்சம் மரபணு, இல்லையென்றால் உயிரோடிருக்கும் ஒரு செல். அந்தத் துண்டு இல்லாத பூஞ்சை நோயாளியின் நுரையீரலைத் தின்றுகொண்டிருந்தாலும் அந்தச் சோதனை நெகட்டிவ் என்றுதான் சொல்லும். அதனால் ஊசியை எடுக்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி: இவருக்கு எந்தப் பூஞ்சை இருக்கலாம் என்று நினைக்கிறோம்?

இந்தக் குறிப்பு வார்டு டாக்டர்கள், ஸ்டாஃப் நர்ஸ்கள், லேப் டெக்னீஷியன்களுக்கானது. கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு குழம்பும் குடும்பத்தினரும் படிக்கலாம்.

முதலில், ரத்தம் காட்டிக்கொடுக்காத நோய்

கருப்புப் பூஞ்சை என்று ஊர் முழுக்க அறிந்த மியூகோர்மைகோசிஸ். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டது. உண்மையில் அந்தப் பூஞ்சை கருப்பு அல்ல. ரத்தக் குழாயை அது அடைத்துவிடுவதால் செத்துப்போகும் திசுதான் கருக்கிறது.

ரத்தத்தில் செய்யும் இரண்டு பிரபலமான சோதனைகளான பீட்டா-டி-குளுக்கனும் கேலக்டோமேன்னனும் இந்த நோயில் நெகட்டிவாகவே வரும். சோதனையில் தவறில்லை, அவை தேடும் பொருள் இந்தப் பூஞ்சையிலிருந்து கண்டறியும் அளவுக்கு வருவதில்லை. ரத்தக் கல்ச்சரிலும் (ரத்தத்தைப் பாட்டிலில் வைத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது) வளராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், கீட்டோஅசிடோசிஸில் (சர்க்கரை நோயில் ரத்தம் அமிலமாகும் நிலை) வந்தவர், ஸ்டீராய்டு எடுப்பவர், கீமோவில் வெள்ளணு விழுந்தவர் ஆகியோரில் ஒருவருக்குக் கன்னம் மரத்துப்போனாலோ, ஒரு பக்கக் கண் வீங்கினாலோ, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, மேலண்ணத்தில் கருமை கண்டாலோ "சீரம் (உறைந்த ரத்தத்தின் தெளிநீர்) அனுப்பியிருக்கிறோம், வரட்டும்" என்று காத்திருப்பது பெரிய தவறு. அன்றே எண்டோஸ்கோப் வைத்துத் திசு எடுக்க வேண்டும். அதில் ஒரு துண்டு ஃபார்மலினில் பயாப்சிக்கு. இன்னொரு துண்டு நார்மல் சலைனில் மைக்ரோபயாலஜிக்கு. இந்த இரண்டாவது துண்டும் பழக்கதோஷத்தில் ஃபார்மலினுக்குள் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது, போனால் கல்ச்சர் செய்ய வழியே இல்லை. லேபிலும் திசுவை அரைக்காமல் பிளேடால் சிறுசிறு துண்டாக நறுக்க வேண்டும். இந்தப் பூஞ்சையின் இழைகளில் தடுப்புச்சுவர் அரிது, அரைத்தால் உடைந்து செத்துவிடும். கேஓஎச் (திசுவைக் கரைத்துப் பூஞ்சையைத் தெளிவாகக் காட்டும் காரக் கரைசல்) போட்டுப் பார்த்தால் அகலமான, ரிப்பன்போல் மடிந்து கிடக்கும் இழைகள் தெரியும். சாம்பிள் வந்த ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிடக்கூடிய விடை அது.

இந்த நோயாளியிடம் ரத்தம் எடுப்பது சர்க்கரை, கீட்டோன், கிரியேட்டினின், பொட்டாசியம், மெக்னீசியம் பார்க்க. ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்தைத் தொடங்கும் முன் கடைசி மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

ரத்தக் கல்ச்சர்: கேண்டிடாவுக்கு இன்றும் இதுதான் அடிப்படை

சென்ட்ரல் லைன், நீண்ட ஆன்டிபயாட்டிக், வயிற்று அறுவை, டயாலிசிஸ், நரம்பு வழி உணவு, குறைமாதக் குழந்தை. இவற்றில் ஏதாவது இருந்து காய்ச்சலும் இருந்தால் முதல் சந்தேகம் கேண்டிடா என்ற ஈஸ்ட் (ஒற்றைச் செல் பூஞ்சை). கல்ச்சர் நன்றாகச் செய்தாலும் ஆழமான கேண்டிடா தொற்றில் ஏறக்குறைய பாதியைத்தான் பிடிக்கும். சரியாகச் செய்யாவிட்டால் அந்தப் பாதியும் போய்விடும். பெரும்பாலும் தவறுவது ரத்தத்தின் அளவில்தான். ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு செல்கூட இல்லாமலிருக்கலாம். 5 மில்லியை இரண்டு பாட்டிலில் பிரித்து ஊற்றிவிட்டு "நோ குரோத்" என்று வந்த ரிப்போர்ட்டை நம்ப முடியாது.

பெரியவர்களுக்கு ஒரே வேளையில் வெவ்வேறு இடங்களில் குத்தி 2 அல்லது 3 செட், ஒவ்வொரு செட்டுக்கும் 20 மில்லி, பாட்டிலுக்கு 10 வீதம். ஆக 40 முதல் 60 மில்லி. குழந்தைகளுக்கு எடையை வைத்து மொத்த அளவு: 2 கிலோவுக்குக் கீழ் 2 முதல் 4 மில்லி, 2 முதல் 12 கிலோ வரை 6 மில்லி, 12 முதல் 36 கிலோ வரை 20 மில்லி. இவ்வளவு ரத்தமா என்று குடும்பத்தினர் பதறுவது இயல்பு. ஏன் என்று ஒரு நிமிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

எடுக்கும் முறை: கையைக் கழுவி கையுறை போட்டபின் 70% ஆல்கஹாலில் கலந்த 2% குளோர்ஹெக்சிடினால் தோலை 30 விநாடி அழுத்தித் தேய்த்து, தானாகக் காயும்வரை விடுங்கள். ஊதிக் காயவைக்கக் கூடாது. துடைத்தபின் நரம்பை மறுபடி விரலால் தடவித் தேடவும் கூடாது. பாட்டில் மூடியைத் திறந்ததும் ரப்பர் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைக்காமல் ஆல்கஹாலால் துடையுங்கள். பட்டர்ஃப்ளை ஊசி என்றால் குழாயில் உள்ள காற்று முதலில் போகும், அதனால் ஏரோபிக் (காற்றுள்ள) பாட்டில் முதலில். சிரிஞ்சு என்றால் அனேரோபிக் (காற்றில்லாத) பாட்டில் முதலில். ரத்தம் 10 மில்லிக்குக் குறைந்துபோனால் எல்லாவற்றையும் ஏரோபிக்கில் ஊற்றுங்கள், பெரும்பாலான ஈஸ்ட்டுக்குக் காற்று வேண்டும். கேண்டிடா கிளப்ராட்டா வகை மட்டும் சில சமயம் அனேரோபிக் பாட்டிலில் முந்திக்கொள்ளும். ஃபங்கல் பாட்டில் என்று தனியாக இருந்தால் அதற்கு ஒரு பங்கு கொடுங்கள். நோயாளி லேபிளைப் பாட்டிலின் பார்கோடுமேல் ஒட்டிவிடாதீர்கள், மெஷின் படிக்காது. ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அறை வெப்பத்திலேயே, முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகட்டும்.

முடிந்தவரை பூஞ்சை மருந்து ஏறும் முன்பே எடுத்துவிடுங்கள். நோயாளி ஷாக்கில் இருந்தால் மட்டும் இதற்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

பாட்டில் பீப் அடித்து கிராம் ஸ்டெயினில் மொட்டுவிடும் ஈஸ்ட் தெரிந்தால் அது "கான்டாமினேஷன்" அல்ல. ரத்தத்தில் கேண்டிடா ஒரே ஒரு பாட்டிலில் வந்தாலும் நோய்தான். லேப் அந்த நிமிடமே போனில் சொல்ல வேண்டும், அச்சிட்ட ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. அதன் பிறகு லைனை எடுப்பதா என்று முடிவு செய்வது, முதல் வாரத்துக்குள் கண்ணின் விழித்திரையைப் பார்ப்பது, தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் கல்ச்சர் அனுப்புவது என்று வேலை நீளும். சிக்கல் எதுவும் இல்லாதபோது 14 நாள் சிகிச்சை என்பது முதல் நெகட்டிவ் கல்ச்சர் எடுத்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. மருந்து தொடங்கிய நாளிலிருந்து எண்ணிவிடுவது வழக்கமான தவறு.

வகையைக் கண்டுபிடிக்காமல் "கேண்டிடா ஸ்பீஷீஸ்" என்று ரிப்போர்ட் கொடுப்பது இந்தக் காலத்தில் போதாது. கேண்டிடா ஆரிஸ் ஒரு காரணம். 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட இது இன்று இந்திய ஐசியூக்களில் நன்றாகக் காலூன்றியிருக்கிறது, ஃப்ளூகோனசோல் மருந்துக்குப் பெரும்பாலும் மசியாது. பழைய டேட்டாபேஸ் உள்ள வைடெக் (கிருமியின் வகையைச் சொல்லும்) மெஷின் இதைக் கேண்டிடா ஹெமுலோனி என்று காட்டும். அந்தப் பெயர் வந்தால் மால்டி-டாஃப் (கிருமியின் புரதத்தை வைத்து வகையைச் சொல்லும் கருவி) வசதியுள்ள லேபுக்கு அனுப்பி உறுதி செய்யாமல் விடாதீர்கள். சண்டிகர் பிஜிஐ போன்ற ரெஃபரன்ஸ் மையங்கள் இதற்காகத்தான் இருக்கின்றன. முடிவு வரும்வரை நோயாளியைத் தனி அறையில் வையுங்கள்.

பீட்டா-டி-குளுக்கன்: நெகட்டிவாக வந்தால்தான் அதிகப் பயன்

கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ், ஃபியூசேரியம், நியூமோசிஸ்டிஸ் என்று பல பூஞ்சைகளின் செல்சுவரில் இந்தச் சர்க்கரை இருக்கிறது. மியூகோரில் வராது, கிரிப்டோகாக்கஸிலும் பெரும்பாலும் வராது. குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து எடுத்த வினைப்பொருளை வைத்துச் செய்கிற சோதனை இது. ஃபங்கிடெல் கிட்டில் மில்லிலிட்டருக்கு 60 பிக்கோகிராமுக்குக் கீழ் நெகட்டிவ், 60 முதல் 79 வரை இரண்டுங்கெட்டான், 80உம் அதற்கு மேலும் பாசிட்டிவ். வேறு கம்பெனி கிட்டுக்கு எல்லை வேறு. வாகோ கிட்டில் சுமார் 7 பிக்கோகிராமையே எல்லையாக வைக்கிறார்கள். கிட் பெயர் இல்லாமல் எண்ணை மட்டும் வைத்து "போன வாரத்தைவிடக் குறைந்திருக்கிறது" என்று சொல்லிவிட முடியாது.

இந்தச் சோதனைக்கு எடுப்பது வெறும் 5 மைக்ரோலிட்டர் சீரம். அதனுடன் 20 மைக்ரோலிட்டர் காரக் கரைசல் சேர்த்து 37 டிகிரியில் 10 நிமிடம், பிறகு 100 மைக்ரோலிட்டர் ரீஏஜென்ட், 40 நிமிடம் மெஷின் படிக்கும். இத்தனை சிறிய அளவில் ஒரு பஞ்சு நூல் விழுந்தாலும் கணக்கு கெட்டுவிடும். பஞ்சும் காஸ் துணியும் செல்லுலோஸ், அவற்றிலிருந்து குளுக்கன் கசியும். அதனால் குளுக்கன் இல்லை என்று சான்று பெற்ற டிப், ட்யூப் மட்டும்தான். சாம்பிளை வேறெந்தச் சோதனைக்கும் திறப்பதற்கு முன் இதற்கென ஒரு பங்கைத் தனியே எடுத்து மூடுங்கள். ஃபேனுக்குக் கீழே திறந்து வைக்காதீர்கள்.

நோயாளியின் உடலுக்குள்ளேயே குளுக்கன் வந்து சேரும் வழிகளும் உண்டு. இம்யூனோகுளோபுலின், ஆல்புமின் ஏற்றியது, செல்லுலோஸ் சவ்வு கொண்ட டயாலிசிஸ், அறுவையில் வயிற்றுக்குள் வைத்த காஸ் பேக், சில பாக்டீரியா செப்சிஸ். இம்யூனோகுளோபுலின் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்னே சாம்பிளை எடுத்து வைத்துவிடுங்கள். பெரிய அறுவை முடிந்த முதல் சில நாட்களில் இதை அனுப்புவதில் பொருளில்லை.

ஒரு பாசிட்டிவ் எவ்வளவு கனம் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐசியூவில் 1000 பேரில் 20 பேருக்கு உண்மையில் நோய் இருப்பதாகவும், சோதனை நோயுள்ளவர்களில் 75% பேரைப் பிடிப்பதாகவும், நோயில்லாதவர்களில் 85% பேரைச் சரியாக விடுவிப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நோயுள்ளவர்களில் 15 பேர் பாசிட்டிவ். நோயில்லாத 980 பேரில் 147 பேரும் பாசிட்டிவ். ஆக 162 பாசிட்டிவில் 15 மட்டுமே மெய், பத்தில் ஒன்றுகூட இல்லை. நெகட்டிவ் பக்கம் 838 பேரில் தவறவிட்டது 5 பேர்தான். எல்லோருக்கும் அனுப்பினால் பாசிட்டிவ் வந்தவர்களுக்கெல்லாம் வீணாக விலையுயர்ந்த மருந்து ஏறும். ஏற்கெனவே ஆபத்துக் காரணங்கள் உள்ளவருக்கு, அடுத்தடுத்த இரண்டு சாம்பிளிலும் 80க்கு மேல் என்றால் அது கவனிக்க வேண்டிய விடை. சந்தேகத்தின் பேரில் தொடங்கிய மருந்தை நிறுத்தலாமா என்று தயங்கும்போது இரண்டு நெகட்டிவ் நல்ல துணை.

எச்ஐவி உள்ளவர் மூச்சுத்திணறலோடு வந்து, சளி எடுக்க முடியாத நிலையில் இருந்தால் இந்தச் சோதனை தனியாகப் பயன் தரும். நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவில் எண் மிக உயரமாகவே போகும், நெகட்டிவ் என்றால் அந்த நோய் இல்லை என்பதற்கு வலுவான ஆதாரம்.

கேலக்டோமேன்னன்: ஆஸ்பெர்ஜில்லஸ் வளரும்போது உதிர்க்கும் சர்க்கரை

ஆஸ்பெர்ஜில்லஸ் நுரையீரலைத் தாக்கும் ஓர் இழைப்பூஞ்சை. அதன் இழை ரத்தக் குழாய்ச் சுவரைத் துளைத்து வளரும்போது இந்தச் சர்க்கரை ரத்தத்தில் கலக்கிறது. அதனால் நியூட்ரோபில் (ஒரு வகை வெள்ளணு) இல்லாத லுக்கீமியா நோயாளியிடம் ரத்தத்தில் நன்றாகப் பிடிபடும். நியூட்ரோபில் உள்ள ஐசியூ நோயாளி, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு), ஸ்டீராய்டு, இன்ஃப்ளூயன்சாவுக்குப் பிறகு வந்த ஆஸ்பெர்ஜில்லஸ் போன்றவற்றில் ரத்தம் பலமுறை நெகட்டிவ். அங்கே பிராங்கோஸ்கோப்பியில் எடுத்த நுரையீரல் கழுவுநீரில்தான் தேட வேண்டும். வோரிகோனசோல் அல்லது போசகோனசோல் தடுப்பு மருந்தாகப் போய்க்கொண்டிருப்பவருக்கு வாராவாரம் சீரம் அனுப்புவதையும் விட்டுவிடலாம். உண்மையான பாசிட்டிவ் அரிது, பொய்யான பாசிட்டிவ்தான் மிஞ்சும்.

ரிப்போர்ட்டில் வருவது ஓர் இண்டெக்ஸ். கிட் 0.5க்கு மேல் பாசிட்டிவ் என்கிறது. 2020இல் திருத்திய சர்வதேச வரையறையில் ஒரே ஒரு சீரத்தை வைத்துச் சொல்ல வேண்டுமானால் 1.0 வேண்டும். சீரத்தில் 0.7உம் கழுவுநீரில் 0.8உம் சேர்ந்து வந்தாலும் ஏற்கலாம். ஆராய்ச்சிக்காக வகுத்த வரையறை அது. ஆனாலும் 0.5க்கும் 1.0க்கும் இடையே வரும் எண்ணை நோயாளியின் சிடி ஸ்கேனோடு வைத்துப் பார்க்கச் சொல்லும் நல்ல நினைவூட்டல்.

லேபில் தவறு பெரும்பாலும் கொதிக்கவைக்கும் கட்டத்தில் நடக்கிறது. பிளாட்டீலியா கிட்டில் 300 மைக்ரோலிட்டர் சீரத்தில் 100 மைக்ரோலிட்டர் கரைசலைக் கலந்து ஹீட் பிளாக்கில் 120 டிகிரியில் 6 நிமிடம் வைக்க வேண்டும் (பழைய முறையில் 100 டிகிரி, 3 நிமிடம், உங்கள் கிட்டின் தாளைப் பாருங்கள்). எடுத்துப் பார்த்தால் ட்யூபுக்குள் வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருபோல் புரதம் திரண்டிருக்கும். சர்க்கரையைப் பற்றிக்கொண்டிருந்த ஆன்டிபாடியும் அதோடு சேர்ந்து விழுந்துவிடுகிறது. 10,000 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுற்றியபின் மேலே நிற்கும் தெளிநீரை மட்டும், அடிக்கட்டியைத் தொடாமல், டிப்பைச் சாய்த்து உறிஞ்ச வேண்டும். ஒரு சிறு வெள்ளைத் துகள் வந்தாலும் சோதனைத் தட்டில் அந்தக் குழியின் எண் கெடும், மறுபடி சுற்றுங்கள். மூடி சரியாக அடைக்காத ட்யூப் 120 டிகிரியில் திறந்துகொள்ளும். சாம்பிளும் போகும், கையும் வேகும்.

பாசிட்டிவ் வந்தால் அதே சீரத்தின் புதுப் பங்கில் திரும்பச் செய்துவிட்டே ரிப்போர்ட் கொடுங்கள். சேமிப்பு: திறக்காத ட்யூப் 2 முதல் 8 டிகிரியில் 5 நாள், திறந்தபின் 48 மணி நேரம், அதற்கு மேல் என்றால் மைனஸ் 70. காற்றிலுள்ள பூஞ்சை வித்து விழுந்த சீரமும் பாசிட்டிவ் காட்டும்.

ரத்தத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். குளுகோனேட் உள்ள பிளாஸ்மாலைட் போன்ற திரவம் ஏறிக்கொண்டிருக்கும் லைனிலிருந்து எடுக்காதீர்கள். பைப்பெரசில்லின்-டாசோபேக்டம் என்ற ஆன்டிபயாட்டிக் பொய்யான பாசிட்டிவ் தரும் என்ற பழைய எச்சரிக்கை இன்றைய தயாரிப்புகளில் பெரிதாகப் பொருந்துவதில்லை. சந்தேகமிருந்தால் அடுத்த டோஸ் ஏற்றும் முன் எடுத்த சாம்பிளை அனுப்புங்கள். கீமோவில் வாயும் குடலும் புண்ணானவருக்குச் சாப்பாட்டிலுள்ள சர்க்கரையே ரத்தத்தில் நுழைந்து எண்ணை உயர்த்தலாம்.

கிரிப்டோகாக்கஸ்: பத்து நிமிடத்தில் உயிர் காக்கும் பட்டை

கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஓர் ஈஸ்ட், அதன் மேலுறைத் துண்டைத் தேடுவது இந்த ஆன்டிஜென் பட்டை. இந்தக் குறிப்பில் சொல்லும் சோதனைகளில் இதைப்போல் நம்பகமும் மலிவும் வேகமும் சேர்ந்தது வேறில்லை. எச்ஐவி உள்ளவரின் சிடி4 (எச்ஐவி அழிக்கும் வெள்ளணு) எண்ணிக்கை 200க்குக் கீழே, குறிப்பாக 100க்குக் கீழே இருந்தால், தலைவலி இல்லாவிட்டாலும் சீரத்தில் இதைச் செய்யுங்கள். மூளைக்காய்ச்சல் வருவதற்குப் பல வாரம் முன்பே ஆன்டிஜென் ரத்தத்தில் தெரியும்.

சிறு குழாயில் ஒரு சொட்டுக் கரைசல், 40 மைக்ரோலிட்டர் சீரம், பட்டையை இறக்கி 10 நிமிடம். இரண்டு கோடு பாசிட்டிவ். இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். ஆன்டிஜென் அளவுக்கு மீறி இருந்தால் கோடு மங்கும், சில சமயம் தெரியாமலே போகும். நோயாளி மயக்கநிலையில் இருந்து பட்டை நெகட்டிவ் காட்டினால் சீரத்தை நீர்த்து மறுபடி செய்யுங்கள். பாசிட்டிவ் என்றால் டைட்டர் (சீரத்தை எவ்வளவு நீர்த்தாலும் பாசிட்டிவ் வருகிறது என்ற அளவு) பாருங்கள். 1:160ஐத் தாண்டினால் மூளைவரை பரவியிருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் டைட்டர் எதுவானாலும் முதுகுத்தண்டு நீர் எடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. எடுக்கும்போது அழுத்தத்தையும் அளந்துவிடுங்கள்.

சிகிச்சை முடிந்தும் மாதக்கணக்கில் இந்தப் பட்டை பாசிட்டிவாகவே நிற்கும். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

அரிதானவை

நியூட்ரோபில் இல்லாத நோயாளி, உடம்பில் வலிக்கும் சிவந்த முடிச்சுகள், நடுவில் கருமை, கால்விரல் நகக்கண்ணில் பழைய புண், ரத்தக் கல்ச்சரில் இழைப்பூஞ்சை. இது ஃபியூசேரியம். ஆஸ்பெர்ஜில்லஸ் ரத்தக் கல்ச்சரில் ஏறக்குறைய வளராது, ஃபியூசேரியம் பத்துக்கு நாலு பேரிடம் வளரும். குளுக்கன் பாசிட்டிவ், சில சமயம் கேலக்டோமேன்னனும் பாசிட்டிவ். அந்தக் கேலக்டோமேன்னனைப் பார்த்து ஆஸ்பெர்ஜில்லஸ் என்று முத்திரை குத்திவிடுவதுதான் வழுக்கும் இடம். முடிச்சு ஒன்றை அன்றே பயாப்சி எடுங்கள்.

கிரிப்டோகாக்கல் பட்டை மங்கலாகப் பாசிட்டிவ், ஆனால் கல்ச்சரில் வருவது வேறு மாதிரி ஈஸ்ட் என்றால் டிரைக்கோஸ்போரானை நினையுங்கள். கிரிப்டோகாக்கஸைப்போல இதற்கும் எக்கினோகேன்டின் வகைப் பூஞ்சை மருந்து வேலை செய்யாது.

ஹிஸ்டோபிளாஸ்மா, டலாரோமைசிஸ் என்ற இரண்டு பூஞ்சைகளும் எச்ஐவி நோயாளியிடம் காய்ச்சல், எடைக் குறைவு, ரத்த அணுக்கள் மூன்றும் குறைவது, தோலில் குழிவிழுந்த பருக்கள் என்று ஒரே முகத்தோடு வரும். டிபி மருந்து போட்டும் தேறவில்லை என்ற பின்புதான் பலருக்கு இவை நினைவுக்கு வருகின்றன. டலாரோமைசிஸுக்கு மணிப்பூர் உள்ளிட்ட வடகிழக்குத் தொடர்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். சாதாரண ரத்த ஸ்மியரைப் பொறுமையாகப் பாருங்கள், குறிப்பாக ஸ்மியரின் இறகுபோல் மெலிந்த முனையையும் பஃபி கோட்டையும் (ரத்தத்தைச் சுற்றினால் நடுவில் தங்கும் வெள்ளணு அடுக்கு). மோனோசைட்டின் வயிற்றுக்குள் 2 முதல் 4 மைக்ரான் அளவில் கொத்தாக ஈஸ்ட். குறுகிய கழுத்தோடு மொட்டு விட்டிருந்தால் ஹிஸ்டோபிளாஸ்மா. மொட்டே இல்லாமல் நீண்ட செல்லின் நடுவில் குறுக்கே ஒரு கோடு விழுந்திருந்தால் டலாரோமைசிஸ். பணம் செலவில்லாமல் அன்று மாலைக்குள் கிடைக்கும் விடை. ஹிஸ்டோபிளாஸ்மா ஆன்டிஜென் செய்யும் வசதி இருந்தால் சிறுநீரையும் சீரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஆன்டிபாடி சோதனையை இந்த நோயாளிகளிடம் நம்ப வேண்டாம். எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பு ஆன்டிபாடியை எங்கிருந்து உண்டாக்கும்?

பிசிஆர் (பூஞ்சையின் மரபணுவைத் தேடும் சோதனை) பற்றிச் சுருக்கமாக: ஆஸ்பெர்ஜில்லஸுக்கு அடுத்தடுத்த இரண்டு பாசிட்டிவ் மதிப்புள்ளது. மியூகோருக்குச் சீரம் பிசிஆர் சில மையங்களில் நல்ல பலன் தருகிறது, ஆனால் அதன் நெகட்டிவை நம்பிப் பயாப்சியைத் தள்ளிப்போடக் கூடாது.

ரிக்வெஸ்ட் ஃபாரத்தில் எழுத வேண்டியது

நியூட்ரோபில் எண்ணிக்கை, எச்ஐவி இருந்தால் சிடி4, போய்க்கொண்டிருக்கும் பூஞ்சை மருந்தும் தொடங்கிய தேதியும், கடைசியாக இம்யூனோகுளோபுலின் அல்லது ஆல்புமின் ஏற்றிய நாள், டயாலிசிஸ், ரத்தம் எடுத்த நேரமும் இடமும், எந்தப் பூஞ்சை சந்தேகம் என்பது. ஹிஸ்டோபிளாஸ்மா சந்தேகம் என்றால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். காரணம் இரண்டு. சாதாரணமாக 5 நாளில் தூக்கிப்போடும் பாட்டிலை லேப் 4 முதல் 6 வாரம் வைத்திருக்க வேண்டும். தட்டில் வளர்ந்த பஞ்சுபோன்ற பூஞ்சையை டெக்னீஷியன் பாதுகாப்பு கேபினட்டுக்கு வெளியே திறந்தால் அதன் வித்து அவர் நுரையீரலுக்குள் போகும். யாரும் சொல்லாததால் அவர் அதைச் சாதாரணத் தட்டாக நினைத்துத் திறந்துவிடக் கூடாது.

வெளியூர் லேபுக்குக் கூரியரில் போகிறது என்றால் முழு ரத்தமாக அனுப்பாதீர்கள். உறைந்தபின் சுற்றிச் சீரத்தைப் பிரித்து, மலட்டு ட்யூபில் சோதனைக்கு ஒன்றாக, ஒவ்வொன்றிலும் குறைந்தது 1 மில்லி, மூடியைப் பாராஃபிலிம் சுற்றி ஐஸ் பேக்கோடு அனுப்புங்கள். ஒரு ட்யூபை உங்கள் ஃப்ரீசரிலேயே வைத்திருங்கள். இரண்டுங்கெட்டானாக வரும் ரிப்போர்ட்டைத் திரும்பப் பார்க்க அந்த நாளின் சீரம் வேண்டியிருக்கும்.